பொத்தானை அழுத்தினால் போதுமா?
டீசல் ரயில் எஞ்சினும் கணிப்பொறி ரயிலும் - ஒரு மதிப்பீடு

"டீசல் ரயில் எஞ்சினை எப்படி ஓடச் செய்கிறார்கள்?" இந்தக் கேள்வியை ஒரு பள்ளி மாணவரிடம் கேட்டுப் பாருங்கள். கணிப்பொறியில் ரயில் ஓட்டிப் பழகியவராக இருந்தால் சற்றும் தயங்கமாட்டார். "பேட்டரி சுவிட்சைப் போட வேண்டும், பிறகு ஸ்டார்ட் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான்" என்பார். விடை தவறில்லை. ஆனால் அது முழு விடையும் அன்று. "பொத்தானை ஏன் சில விநாடிகள் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும்?" என்று அடுத்த கேள்வியைப் போட்டால் பெரும்பாலோர் விழிப்பார்கள். இந்த 'ஏன்' எங்கே தொலைந்து போகிறது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்கு இப்போது என்ன அவசரம் என்று நீங்கள் கேட்கலாம். காவிரிக் கரையிலுள்ள குத்தாலம் ரயில் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் இடையே உள்ள சிறிய நிலையம் அது. மீட்டர் கேஜ் இருந்த நாள்களில் இந்தப் பாதையில் முதலில் நீராவி எஞ்சின்களும், பின்னர் ஒய்.டி.எம்.-4 வகை டீசல் எஞ்சின்களும் ஓடின. தஞ்சையிலிருந்து விழுப்புரம் வரையிலான அகலப் பாதை 2010இல் முழுமை பெற்றது. பின்னர் தண்டவாளத்துக்கு மேலே 25,000 வோல்ட் மின்கம்பியும் வந்துவிட்டது. டீசல் எஞ்சின்களைச் செய்வதற்கென்றே தோன்றிய வாரணாசித் தொழிற்சாலை இன்று மின்சார எஞ்சின்களைச் செய்கிறது. 2020இல் அதன் பெயரிலிருந்தே 'டீசல்' என்ற சொல் நீக்கப்பட்டது. டீசல் எஞ்சின்களைப் பேணிய திருச்சி பொன்மலை ஷெட்டிலும் இப்போது மின்சார எஞ்சின்கள் இடம் பிடித்திருக்கின்றன.

இன்னும் ஒரு தலைமுறை கழிந்தால், டீசல் எஞ்சின் புறப்படுவதை நேரில் பார்த்த குத்தாலத்துப் பிள்ளைகள் அரிதாகிவிடுவார்கள். அப்போது அவர்களுக்கு அந்த எஞ்சினைக் காட்டப் போவது கணிப்பொறித் திரைதான். காட்டுவது உண்மையாக இருக்க வேண்டாமா?

உண்மை எஞ்சின்

நம் நாட்டில் மிகப் பரவலாக ஓடிய டபிள்யூ.டி.எம்.-2 வகையை உதாரணமாகக் கொள்வோம். இதன் முதல் எஞ்சின்கள் 1962இல் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திடமிருந்து வந்தன. 1964 ஜனவரியில் வாரணாசித் தொழிற்சாலையிலிருந்து முதல் எஞ்சின் வெளிவந்தது. திறன் 2,600 குதிரைத் திறன். உருளைகள் (சிலிண்டர்கள்) 16. குத்தாலம் வழியே ஓடிய ஒய்.டி.எம்.-4, இதே குடும்பத்தின் ஆறு உருளைத் தம்பி.

ஒவ்வோர் உருளையின் உள்விட்டமும் 9 அங்குலம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் பத்தரை அங்குலம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஓர் உருளையில் மட்டும் ஏறத்தாழ 11 லிட்டர் காற்று புகும். பெரிய தண்ணீர்க் குடத்தின் கொள்ளளவு அது! பதினாறு உருளைகளும் சேர்ந்தால் 175 லிட்டர்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை நெருக்குவதால் உண்டாகும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. இந்த எஞ்சினில் காற்று பன்னிரண்டரையில் ஒரு பங்காக நெருக்கப்படுகிறது. வெளிக்காற்று 30 டிகிரி செல்ஷியஸ் எனக் கொள்வோம். வெப்பம் சிறிதும் வெளியேறாமல் காற்று நெருக்கப்பட்டால் அதன் வெப்பநிலை 560 டிகிரி அளவுக்கு ஏறும் என்று இயற்பியல் கணக்குச் சொல்கிறது. டீசல் எண்ணெய் ஏறத்தாழ 250 டிகிரியில் தானே தீப்பற்றக் கூடியது. எனவே பற்றிக்கொள்ளத் தடையில்லை.

ஆனால் இங்கே ஒரு நிபந்தனை உண்டு. குளிர்ந்து கிடக்கும் எஞ்சினை மெதுவாகச் சுற்றினால், நெருக்கப்படும் காற்று தன் வெப்பத்தை உருளைச் சுவருக்குக் கொடுத்துவிடும். பிஸ்டன் வளையங்களின் ஓரமாகச் சிறிது காற்றும் கசிந்து போகும். அப்போது அதே கணக்கு 370 டிகிரியோடு நின்றுவிடக் கூடும். மேலும் மெதுவானால் இன்னும் கீழே. ஆகவே எஞ்சினைச் சுற்றினால் மட்டும் போதாது. போதிய வேகத்தில் சுற்ற வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள நீங்கள் ரயில் நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. டெல்டாவில் தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சினை நினைத்துப் பாருங்கள். ஹேண்டிலைப் போட்டுச் சுற்றும்போது, தலைப்பகுதியிலுள்ள சிறு கைப்பிடியைத் தூக்கிவிடுகிறார்கள் அல்லவா? அது வால்வைத் திறந்து வைக்கிறது. காற்று நெருங்காது, கைக்கு எதிர்ப்பு இருக்காது. நன்றாக வேகம் பிடித்ததும் கைப்பிடியை இறக்குகிறார்கள். 'டப்' என்ற ஓசையோடு எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. வேகம் பிடிக்காமல் இறக்கினால் எஞ்சின் முறைத்துக்கொண்டு நின்றுவிடும். எந்த விவசாயத் தொழிலாளியும் அறிந்த இந்த உண்மைதான் 2,600 குதிரைத் திறன் எஞ்சினுக்கும் பொருந்தும்.

சுற்றுவது யார்?

ரயில் எஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்ப முடியாது. அதற்கென எட்டு மின்கலத் தொகுதிகள் அதில் உள்ளன. ஒவ்வொன்றும் 8 வோல்ட். மொத்தம் 64 வோல்ட். இந்த மின்சாரம் எங்கே போகிறது என்பதில்தான் அழகான இயற்பியல் இருக்கிறது. டீசல் எஞ்சின் சக்கரங்களை நேராகச் சுழற்றுவதில்லை. அது ஒரு பெரிய மின்னாக்கியைச் (ஜெனரேட்டரை) சுழற்றுகிறது. அதிலிருந்து வரும் மின்சாரம் சக்கர அச்சுகளிலுள்ள மோட்டார்களைச் சுழற்றுகிறது. டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சினைக் கிளப்பும்போது மட்டும் இந்த ஏற்பாடு தலைகீழாகிறது. மின்கலங்களின் மின்சாரம் பெரிய மின்னாக்கிக்குள் பாய, அது மோட்டாராக மாறி டீசல் எஞ்சினைச் சுற்றுகிறது. ஜெனரேட்டரும் மோட்டாரும் ஒரே இயந்திரத்தின் இரு முகங்கள் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

ஆனால் மின்கலத்தில் இருக்கும் சக்தி அளவானது. சுற்றும்போது பல நூறு ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. இரண்டு மூன்று முறை வீணாக முயன்றுவிட்டால் மின்கலங்கள் சோர்ந்துபோகும். பிறகு வேறோர் எஞ்சினின் உதவியின்றி அது கிளம்பாது. எனவே பொத்தானில் கை வைப்பதற்கு முன்னரே எல்லாவற்றையும் சரிபார்த்தாக வேண்டும்.

என்னென்ன பார்க்கிறார்கள்? மசகெண்ணெயின் மட்டத்தை அளவுகோலால் பார்க்கிறார்கள். குளிர்நீரின் மட்டத்தைக் கண்ணாடிக் குழாயில் பார்க்கிறார்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரில் எண்ணெய் இருக்கிறதா, எஞ்சின் அளவுமீறி ஓடினால் எரிபொருளை நிறுத்தும் பாதுகாப்பு அமைப்பு தன்னிலையில் இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். அது விடுபட்டுக் கிடந்தால், எவ்வளவு சுற்றினாலும் ஒரு சொட்டு எரிபொருளும் உருளைக்குள் போகாது.

நெடுநேரம் நின்றிருந்த எஞ்சினானால் இன்னொரு சோதனையும் உண்டு. எல்லாவற்றிலும் முக்கியமானது அதுவே. எங்கேனும் கசிந்த குளிர்நீர் உருளைக்குள் தேங்கியிருக்கலாம். பிஸ்டன் மேலே ஏறி நிற்கும்போது அதற்கு மேலே எஞ்சும் இடம் ஒரு லிட்டருக்கும் சற்றுக் குறைவு. பதினோரு லிட்டர் காற்றை அந்த இடத்துக்குள் நெருக்கலாம். தண்ணீரை நெருக்க முடியாது. ஒரு லிட்டர் தண்ணீர் உள்ளே இருந்து, பிஸ்டன் வேகமாக மேலேறினால் என்ன ஆகும்? தண்ணீர் வழிவிடாது, பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளையும், அல்லது உருளையின் தலை சிதையும். ஆகவே உருளைகளிலுள்ள சிறு சோதனைக் குழாய்களைத் திறந்துவிட்டு, எரிபொருள் போகாதபடி தடுத்து, எஞ்சினை மெல்லச் சுற்றிப் பார்க்கிறார்கள். குழாயிலிருந்து நீர் தெறித்தால் அந்த எஞ்சினைக் கிளப்பக் கூடாது.

இவ்வளவும் முடிந்தபின் மின்கல சுவிட்சை மூடுகிறார்கள்; உரிய மின்காப்பு சுவிட்சுகளைப் போடுகிறார்கள். எரிபொருள் பம்பு ஓடத் தொடங்குகிறது. அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ அளவுக்கு வந்ததும் ஸ்டார்ட் பொத்தான் அழுத்தப்படுகிறது. கனமான முனகல்; பிறகு ஒன்றிரண்டு உருளைகள் வெடிக்கும் ஓசை; புகைபோக்கியிலிருந்து கரும்புகை; பின்னர் எல்லா உருளைகளும் சேர்ந்துகொள்கின்றன. எஞ்சின் நிமிடத்துக்கு 400 சுற்று என்ற ஓய்வு வேகத்தில் நிலைகொள்கிறது. அந்த வேகத்திலேயே பதினாறு உருளைகளிலும் விநாடிக்கு ஐம்பதுக்கு மேற்பட்ட முறை எரிதல் நிகழ்கிறது!

இப்போது முதலில் கேட்ட 'ஏன்' என்ற கேள்விக்கு வருவோம். எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகும் பொத்தானை உடனே விடுவதில்லை. மசகெண்ணெயைச் செலுத்தும் பம்பை எஞ்சினே ஓட்டுகிறது. எஞ்சின் சுற்றினால்தான் எண்ணெய்க்கு அழுத்தம் பிறக்கும். எண்ணெய் அழுத்தம் இல்லையேல் எஞ்சினை நிறுத்திவிட ஒரு காவல் சுவிட்சும் இருக்கிறது. அப்படியானால் முதல் சில விநாடிகளில் காவல்காரன் எஞ்சினை ஓடவே விடமாட்டானே? அந்த விநாடிகளுக்கு மட்டும் காவலை விலக்கி வைப்பது பொத்தானில் இருக்கும் விரல். அழுத்தம் ஏறியதும் காவல்காரன் பொறுப்பேற்பான், விரலை எடுக்கலாம். முன்னதாக எடுத்தால் எஞ்சின் நின்றுவிடும். அழுத்தம் ஏறாமலேயே பிடித்துக்கொண்டிருந்தால் தாங்கிகள் எண்ணெயின்றித் தேய்ந்து பாழாகும். ஆக, அந்தச் சில விநாடிகள் இயந்திரத்தின் உயிர் மனிதனின் கவனத்தில் இருக்கிறது.

எஞ்சின் ஓடியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. காற்றழுத்தி ஓடிப் பெரிய காற்றுத் தொட்டிகள் நிரம்ப வேண்டும். பிரேக்குக்குரிய அழுத்தம் வர வேண்டும். குளிர்நீர் சூடேற வேண்டும். குளிர்ந்த எஞ்சினுக்கு உடனே பாரம் கொடுப்பது நல்லதன்று.

திரையில் என்ன நடக்கிறது?

'சிமுலேட்டர்' என்பது ஒன்றைப் போலவே நடந்துகாட்டும் பொறி. 1929ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் எட்வின் லிங்க் செய்த விமானப் பயிற்சிப் பொறி இதன் முன்னோடிகளில் ஒன்று. விமானி தரையிலேயே தவறு செய்து, தரையிலேயே கற்றுக்கொள்ளட்டும் என்பதே அதன் நோக்கம். இந்த அளவுகோலை மனத்தில் வைத்துக்கொண்டு ரயில் ஆட்டங்களைப் பார்ப்போம்.

2001இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டர்தான் பலருக்கு முதல் அறிமுகம். அதில் டீசல் எஞ்சினில் உங்களை உட்காரவைக்கும்போதே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். கிளப்பும் வேலையே இல்லை. இது பெரிய குறை என்று தோன்றலாம். ஆனால் நியாயமாகப் பார்த்தால் இதிலும் ஓர் உண்மை இருக்கிறது. நடைமுறையில் டிரைவர்கள் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினையே பெறுகிறார்கள்; குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புவது ஷெட் தொழிலாளர்களின் வேலை. கிளப்புவதிலுள்ள தொல்லைக்கு அஞ்சியே எஞ்சின்களை மணிக்கணக்கில் ஓய்வு வேகத்தில் ஓடவிடும் வழக்கம் வளர்ந்தது. அதற்கு மணிக்கு 25 லிட்டர் அளவுக்கு டீசல் எரிகிறது; எட்டு மணி நேரம் நின்றால் 200 லிட்டர்! இதைத் தவிர்க்கவே பிற்காலத்தில் மணிக்கு மூன்று லிட்டர் அளவில் எரிக்கும் சிறு துணை எஞ்சின்களை நம் ரயில்வே பொருத்தத் தொடங்கியது. ஆட்டம் இந்தக் கதையைச் சொல்லவில்லை என்பதுதான் குறை.

2017இல் வந்த டிரெயின் சிம் வேர்ல்டு இன்னொரு வகை. இதில் நீங்கள் அமெரிக்க டீசல் எஞ்சினுக்குள் நடந்து போகலாம். மின்கல சுவிட்சை மூடலாம். மின்காப்பு சுவிட்சுகளைப் போடலாம். எரிபொருளை முதலில் ஏற்றி, பிறகு ஸ்டார்ட் சுவிட்சைத் திருப்பிப் பிடிக்கலாம். வரிசை சரியானது. நம் நாட்டில் 1999 முதல் வந்த டபிள்யூ.டி.ஜி.-4 வகையும் இதே அமெரிக்க மரபைச் சேர்ந்ததால், இங்குள்ள மாணவருக்கும் இது பயன்படும். எந்த சுவிட்ச் எங்கே இருக்கிறது, எதன்பின் எது என்பதை ஒரு புத்தகத்தைவிட இது நன்றாகக் கற்பிக்கிறது. இதை மனமாரப் பாராட்டலாம்.

ஓப்பன் ரெயில்ஸ் என்ற இலவச மென்பொருள் மூன்றாவது வகை. இதில் எஞ்சினைக் கிளப்புவது விசைப்பலகையில் ஓர் அழுத்தலோடு முடிந்துவிடுகிறது. பார்வைக்கு எளியது. ஆனால் அதன் உள்ளே ஓர் அரிய வசதி உண்டு. எஞ்சினின் இயல்புகள் சாதாரண எழுத்துக் கோப்பில் எழுதப்பட்டிருக்கின்றன. ஓய்வு வேகம் எவ்வளவு, எத்தனை சுற்றில் எஞ்சின் 'பிடித்துக்கொண்டதாக' கருத வேண்டும், எண்ணெய் அழுத்தமும் வெப்பநிலையும் எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பனவற்றை நீங்களே திறந்து படிக்கலாம், மாற்றியும் பார்க்கலாம். அறிவியல் மாணவருக்கு அழகிய திரைப்படத்தைவிட இந்தக் கோப்பு மதிப்பு மிக்கது என்பது என் கருத்து.

எங்கே தவறுகிறது?

குறைகளுக்கு வருவோம். முதல் குறை, தோல்விக்கு இடமில்லாமை. பெரும்பாலான ஆட்டங்களில் சுவிட்சுகளை வரிசையாகப் போட்டால் எஞ்சின் கட்டாயம் கிளம்பும். மின்கலம் சோர்வதில்லை, உருளையில் நீர் தேங்குவதில்லை, எண்ணெய் மட்டத்தைப் பார்க்காமல் விட்டாலும் ஒன்றும் ஆவதில்லை. பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் பலன் ஒன்றே என்றால், பார்ப்பது வெறும் சடங்காகிவிடுகிறது. உண்மையில் கிளப்புதல் என்பது நோயறிதல் போன்றது. சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை என்றால் எரிபொருளைச் சந்தேகிக்க வேண்டும். மெதுவாகச் சுற்றுகிறது என்றால் மின்கலத்தை. பற்றி உடனே நிற்கிறது என்றால் எண்ணெய் அழுத்தத்தை. இந்தச் சிந்தனைப் பயிற்சியை ஆட்டம் தருவதில்லை. விமானப் பயிற்சிப் பொறி எதற்காகத் தோன்றியதோ, அதையே ரயில் ஆட்டம் கைவிட்டுவிடுகிறது.

இரண்டாவது, காலம். காற்றுத் தொட்டி நிரம்பும் நிமிடங்களும் நீர் சூடேறும் நேரமும் ஆட்டக்காரருக்குச் சலிப்பு என்று கருதிப் பல ஆட்டங்கள் சுருக்கிவிடுகின்றன. ஆனால் அந்தக் காத்திருப்பே எஞ்சின் எவ்வளவு பெரியது என்பதை உணர்த்துகிறது.

மூன்றாவது, ஓசை. அனுபவம் மிக்க தொழிலாளி காதால்தான் எஞ்சினை அறிகிறார். ஓர் உருளை எரியாமல் விட்டாலும் அவருக்குத் தெரிந்துவிடும். திரையில் கேட்பது பதிவு செய்த ஒலித்துண்டுகளின் ஒட்டு. எந்த நாளும் ஒரே மாதிரி ஒலிக்கும். நலமான எஞ்சினின் ஓசையை மட்டும் கேட்டுப் பழகிய காது, நோயுற்ற எஞ்சினை எப்படி அறியும்?

நான்காவது, தனிமை. உண்மையில் ஒருவர் எஞ்சின் அறையில் நிற்க, மற்றவர் குரல் கொடுத்துக் கேட்டு வேலை செய்வார். உள்ளே யாரும் கை வைத்திருக்கவில்லை என்று உறுதி செய்த பிறகே எஞ்சின் சுற்றப்படும். ஆட்டத்தில் நீங்கள் மட்டுமே இருக்கிறீர்கள். பாதுகாப்பு என்பது இருவருக்கு இடையிலான ஒப்பந்தம் என்ற பாடம் அங்கே கிடைப்பதில்லை.

"ஆட்டம் ஆட்டந்தானே, அதில் இவ்வளவு எதிர்பார்க்கலாமா?" என்று சிலர் வாதிடலாம். வாதத்தில் நியாயம் இருக்கிறது. பொழுதுபோக்குக்காகக் காசு கொடுப்பவர் எஞ்சின் கிளம்பாமல் ஒரு மணி நேரம் காத்திருக்க விரும்பமாட்டார். ரயில்வேயின் பயிற்சி நிலையங்களில் தொழிலுக்கெனவே செய்யப்பட்ட சிமுலேட்டர்கள் தனியாக உள்ளன. அங்கே பழுதுகளை வேண்டுமென்றே புகுத்திப் பயிற்சி தருகிறார்கள். ஆனால் அவை மாணவர்களுக்கு எட்டா. அவர்களுக்கு எட்டுவது ஆட்டம்தான். தன்னை 'சிமுலேட்டர்' என்று அழைத்துக்கொள்ளும் ஆட்டம், விரும்புவோருக்காவது 'பழுது உண்டு' என்ற ஒரு முறையை வைத்தால் என்ன? மின்கலச் சக்தி குறைவதைக் கணக்கிடுவதோ, நூற்றில் ஒருமுறை எண்ணெய் அழுத்தம் ஏறாமல் செய்வதோ இன்றைய கணிப்பொறிக்குப் பெரிய வேலையன்று.

நீங்கள் செய்யக் கூடியவை

ஆட்டங்களை ஒதுக்கிவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். மாறாக, அவற்றை இப்படிப் பயன்படுத்திப் பாருங்கள். ஒரு தாளில் இரண்டு பத்திகள் வரையுங்கள். இடப்பக்கம் நீங்கள் போடும் ஒவ்வொரு சுவிட்சையும் எழுதுங்கள். வலப்பக்கம், 'இதைப் போடாவிட்டால் என்ன ஆகும்?' என்பதற்கு விடை எழுதுங்கள். ஆட்டம் விடை தராத இடங்களில் உங்கள் இயற்பியல் நூலைப் புரட்டுங்கள். வலப்பக்கம் நிரம்பும்போதுதான் நீங்கள் எஞ்சினைக் கற்றவராவீர்கள்.

அடுத்து, உங்கள் ஊரில் ஆயில் எஞ்சினோ பவர் டில்லரோ வைத்திருப்பவரிடம் சென்று, அவர் அதைக் கிளப்பும் முறையை உடனிருந்து கவனியுங்கள். எண்ணெய் பார்க்கிறாரா, எப்போது கைப்பிடியை இறக்குகிறார், முதல் புகை என்ன நிறம் என்று குறித்துக்கொள்ளுங்கள். உதகை மலைப் பாதையில் குன்னூருக்கு மேலே ஒய்.டி.எம்.-4 எஞ்சின்கள் ரயில் இழுத்து வந்திருக்கின்றன. அந்தப் பக்கம் போகும் வாய்ப்புக் கிடைத்தால் நடைமேடையில் நின்று அதன் ஓசையைக் கேளுங்கள். அனுமதியின்றி எஞ்சினில் ஏறுவதோ தண்டவாளத்தில் இறங்குவதோ கூடாது. அது குற்றம், ஆபத்தும்கூட.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. டீசல் எஞ்சின்களைக் கிளப்பிய கைகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. ஓய்வுபெற்ற டிரைவர்களும் ஷெட் தொழிலாளர்களும் டெல்டாவின் பல ஊர்களில் வாழ்கிறார்கள். எது எந்த ஓசையைத் தந்தது, எந்தக் கோளாறை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதை அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஆட்டம் செய்பவர்களுக்குக் கிடைக்காத குறிப்புகள் அவை. நாளை உங்களில் ஒருவரே ஒரு நல்ல சிமுலேட்டரை உருவாக்கக் கூடும். அப்போது அந்த நோட்டுப் புத்தகம் உங்களுக்குக் கைகொடுக்கும்.